வாசகர் வட்டம்: நேர்லயும் ஆன்லைன்லயும் ஒரே நேரத்துல நடத்தறது எப்படி?

நூலக_மேசை:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு சின்ன பொது நூலகத்துல வேலை பார்க்கறேன். வாசகர் வட்டம் ஆரம்பிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, போன மாசம்தான் தைரியம் வந்து நோட்டீஸ் போர்டுல ஒரு தாள் ஒட்டினேன். 14 பேர் பேர் குடுத்தாங்க. ஆனா அதுல 5 பேரால நேர்ல வர முடியாது, ஒருத்தங்களுக்கு கைக்குழந்தை, ஒருத்தருக்கு மாடி ஏற முடியாத அளவுக்கு மூட்டுவலி, ரெண்டு பேருக்கு ஷிஃப்ட் வேலை, இன்னொருத்தர் வேற ஊருக்கு மாறிப் போயிட்டாரு. அவங்கள விட்டுட்டு ஆரம்பிக்க மனசு வரல, அதனால ரெண்டையும் சேர்த்தே நடத்திடலாம்னு முதல் கூட்டத்த கூட்டிட்டேன்.

சரியா வரல. லேப்டாப்ப மேசையோட ஒரு ஓரத்துல வச்சிருந்தேன். ரூம்ல இருந்த ஒன்பது பேரும் நல்லா பேசினாங்க, ஒருத்தர் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் ஆரம்பிச்சு, சிரிச்சு, நேரம் போனதே தெரியல. முடிஞ்சு நாற்காலியெல்லாம் ஒதுக்கும்போதுதான் ஸ்கிரீன பார்த்தேன், அஞ்சு பேர்ல மூணு பேர் எப்பவோ கிளம்பிட்டாங்க. சாட்ல ஒருத்தங்க 6:25க்கு "நான் ஒண்ணு சொல்லலாமா"ன்னு டைப் பண்ணியிருந்தாங்க. நான் அத பார்க்கும்போது மணி 7:10. அந்த ஒரு வரி இன்னும் கண்ணுல நிக்குது.

அடுத்த கூட்டத்துக்கு மூணு வாரம் இருக்கு. என்ன மாத்தணும்? எந்த ஆப் நல்லது, புத்தகத்துக்கு எத்தனை பிரதி தேவைப்படும் (எங்ககிட்ட ஒரு தலைப்புக்கு ரெண்டு பிரதி இருந்தாலே பெரிசு), இதெல்லாம் நடத்தி பழகினவங்க யாராவது சொல்லுங்களேன்.

---

ஒலி_கம்பி:

சகோ, ஆப் எதுன்னு அப்புறம் பார்க்கலாம், முதல்ல சத்தத்த சரி பண்ணுங்க. ஆன்லைன்ல இருக்கறவங்க கிளம்பிப் போறதுக்கு பத்துல எட்டு தடவ காரணம் காது கேட்கலங்கறதுதான், படம் மங்கலா இருந்தாகூட பொறுத்துக்குவாங்க, பேச்சு பாதி கேட்டு பாதி கேட்கலன்னா பத்து நிமிஷத்துல தலைவலி வந்துடும்.

லேப்டாப் மைக் அதுக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கற ஒரே ஆளுக்காக செஞ்சது. தூரம் ரெண்டு மடங்கானா குரல் சுமார் 6 டெசிபெல் இறங்கும், ஆனா ஃபேன் சத்தமும் நாற்காலி இழுக்கற சத்தமும் அப்படியேதான் இருக்கும், அதனால மேசையோட அந்தக் கோடில பேசறவங்க குரல் அதுக்குள்ள மூழ்கிப் போயிடும். நாலா பக்கமும் சத்தம் வாங்கற கான்ஃபரன்ஸ் ஸ்பீக்கர்ஃபோன் ஒண்ணு வாங்கி மேசைக்கு நடுவுல வைங்க. அடியில ஒரு துணிய மடிச்சு போடுங்க, இல்லன்னா யாராவது பேனாவ தட்டினாலும் அந்தப் பக்கம் இடி மாதிரி கேட்கும். மேசை நீளமா இருந்தா மனுஷங்கள கிட்ட கொண்டு வாங்க, அரைவட்டமா உட்கார வச்சு திறந்த பக்கத்துல கேமராவ உட்கார்ந்தவங்க கண் உயரத்துக்கு வச்சிட்டா முகமும் தெரியும். ஜன்னல் அவங்க முதுகுக்குப் பின்னாடி வரக்கூடாது, வந்தா எல்லாரும் நிழலாத்தான் தெரிவாங்க.

இன்னொண்ணு. ரூம்ல இருக்கற வேற யாராவது தன்னோட ஃபோன்லயும் மீட்டிங்ல சேர்ந்தா அடுத்த நொடியே ஸ்பீக்கர் கூவ ஆரம்பிச்சிடும். ஒரு ரூமுக்கு ஒரே மைக், ஒரே ஸ்பீக்கர். மத்தவங்க சாட் பார்க்கறதுக்காக சேர்ந்தா ஆடியோ கனெக்ட் பண்ணாம சேரணும், மியூட் மட்டும் பண்ணினா பத்தாது, ஸ்பீக்கரும் அணைஞ்சிருக்கணும். முடிஞ்சா வைஃபைக்கு பதிலா லேன் கேபிள் சொருகிடுங்க.

ஆப் விஷயம்னா, ஜூம் இலவச கணக்குல 40 நிமிஷம், கூகுள் மீட்ல மூணு பேருக்கு மேல இருந்தா 60 நிமிஷம், ரெண்டுலயும் 100 பேர் வரைக்கும் சேரலாம். உங்களுக்கு எது கை பழகியிருக்கோ அதுவே போதும்.

---

ஜன்னலோரம்:

நான் அந்த ஸ்கிரீனுக்குள்ள இருக்கறவ. படுத்த படுக்கையா இருக்கற அம்மாவ விட்டுட்டு ரெண்டு மணி நேரம் வெளிய போக முடியாது, அதனால மூணு வருஷமா ஒரு வட்டத்துல ஆன்லைன்லயே இருக்கேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வட்டத்துலருந்து விலகிட்டேன், உங்க சாட்ல டைப் பண்ணவங்க மாதிரியே.

அங்கருந்து பார்த்தா எப்படி இருக்கும்னு சொல்றேன். ரூம்ல ஒருத்தர் பேச வாய் திறக்கறதுக்கு முன்னாடி லேசா முன்னாடி சாய்வாரு, மூச்ச இழுப்பாரு, மத்தவங்க அத பார்த்து வழி விடுவாங்க. எங்களுக்கு அந்த சாயறது தெரியாது. இணையத்துல ஒரு நொடி தாமதம் வேற. நாங்க வாய் திறக்கறதுக்குள்ள அந்த இடைவெளிய வேற யாராவது எடுத்துடுவாங்க. நாலு தடவ அப்படி ஆனா அஞ்சாவது தடவ முயற்சியே பண்ண மாட்டோம், மியூட்ட போட்டுட்டு கேட்டுக்கிட்டே இருப்போம், அப்புறம் அடுப்ப பார்க்கப் போயிடுவோம்.

இப்ப இருக்கற வட்டத்துல ஏன் மூணு வருஷம் தாக்குப் பிடிச்சேன்னா ஒரே காரணம்தான், அங்க ஒவ்வொரு கூட்டத்துக்கும் ரூம்ல ஒருத்தர் எங்களுக்காகவே உட்காருவாங்க. அவங்க அன்னைக்கு புத்தகத்தப் பத்தி அதிகம் பேசக்கூடாது, ஸ்கிரீன்லயே கண்ணு இருக்கணும். எங்க யாராவது கைய தூக்கினாலோ சாட்ல எழுதினாலோ அவங்க ரூம்ல நிஜமாவே கைய தூக்குவாங்க, "ஆன்லைன்லருந்து ஒருத்தர்"னு சொல்லுவாங்க, பேச்சு நிக்கும். தயவுசெஞ்சு கூட்டத்த நடத்தறவரே அதையும் பார்த்துக்கட்டும்னு விடாதீங்க, ஒரே ஆளால முடியாது, நீங்க அன்னைக்கு பார்க்காம விட்டது உங்க தப்பில்ல, அந்த நாற்காலிய யாருக்கும் குடுக்கல அவ்வளவுதான். மாத்தி மாத்தி செய்யச் சொல்லுங்க, ஒரு தடவ அந்த நாற்காலில உட்கார்ந்தவங்க அடுத்த கூட்டத்துல தானாவே நிறுத்தி நிதானமா பேசுவாங்க.

கூட்டத்த ஆன்லைன்ல இருக்கறவங்கள வச்சே ஆரம்பிங்க. முதல் அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஒருத்தர் குரல் ரூம்ல கேட்டுட்டா அப்புறம் அந்தக் குரல யாரும் மறக்க மாட்டாங்க. கடைசில "ஆன்லைன்ல யாராவது ஏதாவது சொல்லணுமா"ன்னு கேட்கறது ரொம்ப லேட், அப்ப சொல்றதுக்கு ஒண்ணுமே மிச்சம் இருக்காது.

இன்னொரு சின்ன விஷயம், பக்க எண். "112ஆம் பக்கம் எடுங்க"ன்னு சொல்வீங்க, ஈபுக்ல எழுத்து அளவ மாத்தினா பக்கமே மாறிடும், ஆடியோவுல கேட்டவங்களுக்கு பக்கம்னே ஒண்ணு கிடையாது. அத்தியாயம் எத்தனை, அந்தப் பத்தி எந்த வார்த்தைல ஆரம்பிக்குதுன்னு சொல்லுங்க, ஈபுக்ல அந்த வார்த்தைய தேடினா உடனே வந்துடும்.

---

பழைய_அலமாரி:

மகளே, நான் நூலகராவே இருந்து ஓய்வு வாங்கினவன். பிரதி விஷயத்த மட்டும் சொல்றேன்.

முதல்ல தேதி, அப்புறம் புத்தகம்னு போகாதீங்க. எந்தத் தலைப்பு எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேரும்னு பார்த்துட்டு அப்புறம் தேதி வைங்க. ரெண்டு பிரதி, 14 பேர், ஆளுக்கு பத்து நாள்னு வச்சா கணக்கு 70 நாள் வருது, மாசக் கூட்டம் நடக்கவே நடக்காது. மத்த நூலகங்கள்லருந்து இரவல் வாங்க முடியுதான்னு கேளுங்க, குறைஞ்சது ஆறு வாரம் முன்னாடியே கேட்கணும். நூலகத்துக்கு ஈபுக் வசதி இருந்தா அதுலயும் கவனம், பெரும்பாலான பதிப்பகங்க ஒரு லைசன்ஸுக்கு ஒரு சமயத்துல ஒருத்தருக்குத்தான் குடுக்குது, கணினில இருக்குன்னாலே எல்லாருக்கும் ஒண்ணா கிடைச்சிடாது.

யாராவது "நான் ஸ்கேன் பண்ணி குரூப்ல பிடிஎஃப் போட்டுடறேன்"னு நல்ல மனசோட சொல்வாங்க. பதிப்புரிமை இருக்கற புத்தகத்துக்கு அத நூலகமே செய்யறது சரியில்ல, அன்பா மறுத்துடுங்க. அதுக்கு பதிலா முதல் சில மாசம் பதிப்புரிமை முடிஞ்ச பழைய நூல்கள எடுங்க. 1998ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல பழந்தமிழ் நூல்கள் இலவசமா இருக்கு, ஆங்கிலத்துக்கு 1971லருந்து நடக்கற குட்டன்பர்க் திட்டம் இருக்கு, அதுல 70,000 புத்தகத்துக்கு மேல. ஃபோன்லயே படிச்சுக்கலாம், ஆன்லைன் ஆளுங்களுக்கு புத்தகம் போய்ச் சேரற கவலையும் இல்ல. இல்லன்னா ஒரு சிறுகதைய மட்டும் எடுங்க, ரெண்டு பிரதிய ரெஃபரன்ஸ்ல வச்சுட்டா வந்து உட்கார்ந்து அரை மணி நேரத்துல படிச்சிடலாம், நேர்ல வர முடியாதவங்களுக்கு ஒருத்தர் ஃபோன்ல வாசிச்சுக் காட்டலாம்.

நம்ம நாட்டு நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931ல எழுதின ஐந்து விதில ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். நாங்க அத அலமாரிக்கு முன்னாடி வந்து நிக்கறவங்களுக்குன்னுதான் அர்த்தம் பண்ணிக்கிட்டு வேலை பார்த்தோம். மாடி ஏற முடியாதவரும் கைக்குழந்தைக்காரியும் கூட அந்த விதிக்குள்ளதான் வராங்கன்னு நீங்க அஞ்சு பேர விட மனசில்லாம எழுதினத படிச்சப்போ தோணிச்சு. நல்லா செய்யுங்க.

---

ஒத்தையடி:

நான் கொஞ்சம் மாறுபடறேன். ஒரே நேரத்துல ரெண்டையும் நடத்தணும்னு ஏன்? நாங்க ஒரு மாசம் முழுக்க நேர்ல, அடுத்த மாசம் முழுக்க ஆன்லைன்ல வைக்கறோம். ஆன்லைன் மாசத்துல எல்லாரும் வீட்லருந்துதான், அதனால எல்லாரும் ஒரே அளவு பெட்டிக்குள்ள இருக்காங்க, யாருக்கும் குறையில்ல. மைக்கும் வாங்க வேண்டாம்.

---

ஜன்னலோரம்:

@ஒத்தையடி அதுவும் நல்ல வழிதாங்க, மைக் கிடைக்கற வரைக்கும் நானும் அதத்தான் சொல்வேன். ஆனா என்னை மாதிரி ஆளுக்கு நேர் மாசம் வந்தா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவதான் வட்டம். அந்த நடு மாசம் ரொம்ப நீளமா இருக்கும்.

---

நூலக_மேசை:

மூணு வாரம் கழிச்சு வந்து எழுதறேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ரெண்டாவது கூட்டம் நடந்துச்சு.

ஸ்பீக்கர்ஃபோன் இன்னும் வரல, மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். அதனால நீள மேசைய ஓரமா தள்ளிட்டு நாற்காலிய மட்டும் அரைவட்டமா போட்டு லேப்டாப்ப ஒரு ஸ்டூல் மேல நாலு தடி அகராதி அடுக்கி அதுக்கு மேல வச்சேன். ஃபேன ஒரு புள்ளி குறைச்சோம். பதிப்புரிமை முடிஞ்ச ஒரு சிறுகதைதான் எடுத்தோம், 14 பேரும் படிச்சுட்டு வந்தாங்க, அதுவே எனக்கு பெரிய விஷயம்.

அன்னைக்கு சாட்ல டைப் பண்ணவங்களுக்கு முந்தின நாளே ஃபோன் பண்ணி, நீங்கதான் ஆரம்பிக்கணும்னு கேட்டுக்கிட்டேன். "பிடிச்சுதா"ன்னு கேட்காம, எந்த இடத்துல நிறுத்தி மறுபடி படிச்சீங்கன்னு கேட்டேன். அவங்க கதையில ஒரு அம்மா கதவ சாத்தாம விட்டுட்டு படுக்கற இடத்த சொன்னாங்க. அத வாசிக்க ஆரம்பிச்சு ரெண்டு வரி போறதுக்குள்ள குழந்தை அழுதிடுச்சு, எழுந்து போயிட்டாங்க. ரூம்ல யாரும் பேசல. ஒன்பது பேரும் அந்த காலி நாற்காலியையும் பின்னாடி இருந்த திரைச்சீலையையும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, ரெண்டு நிமிஷம் இருக்கும். குழந்தைய தோள்ல போட்டுக்கிட்டு திரும்பி வந்து விட்ட வரியிலருந்து வாசிச்சாங்க. அப்புறம் அந்தக் கதவப் பத்தி மட்டுமே இருபது நிமிஷம் பேசினோம்.

ஸ்கிரீன பார்த்துக்கற வேலைய எங்க வட்டத்துலயே அதிகம் பேசற சார்கிட்ட குடுத்தேன், சந்தோஷமா எடுத்துக்கிட்டாரு. அஞ்சு பேரும் கடைசி வரைக்கும் இருந்தாங்க. மூட்டுவலி ஐயா மட்டும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவங்க பேசினது சரியா கேட்கலன்னு சொன்னாரு, அது மைக் வந்தாதான் சரியாகும்னு நினைக்கறேன். அதுவரைக்கும் ஏதாவது வழி இருக்கா?

---

ஒலி_கம்பி:

படிச்சு ரொம்ப சந்தோஷம் சகோ. மைக் வர்ற வரைக்கும், ஜன்னல் பக்கம் இருக்கறவங்க பேசும்போது எழுந்து லேப்டாப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு அதுல வந்து உட்கார்ந்து பேசச் சொல்லுங்க, பேசற நாற்காலின்னு ஒண்ண தனியா ஒதுக்கிடுங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் பேசறதும் அதுலயே நின்னுடும். மைக் வாங்கும்போது லேப்டாப்லருந்து அரைவட்டத்தோட நடு வரைக்கும் எத்தனை அடின்னு அளந்துட்டு வாங்குங்க, கூட வர்ற கேபிள் பல சமயம் எட்டாது.