அப்பா ஏன் இன்னும் ஓய்வு பெற மறுக்கிறார்?

கேள்வி: வடவள்ளி_மகள்

அப்பாவுக்கு 68 வயது. முனைவர் பட்டத்துக்காக அமெரிக்கா போனவர், அங்கேயே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிவிட்டார். கோவையில் வீடு கட்டி ஆறு வருடம் ஆகிறது, பூட்டியே கிடக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறார். அம்மாவுக்கு 62, எப்போதும் ஊர் நினைப்புதான். இங்கே அரசுக் கல்லூரியில் 60 வயதானால் மாலை போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே யாரும் போகச் சொல்ல மாட்டார்களா? பணத்துக்காகவா இருக்கிறார்? கேட்டால் கோபம் வருகிறது அவருக்கு.

பதில்: பயிர்நோய்_வாத்தியார்

அம்மா, எனக்கு 69. நானும் இங்கே அமெரிக்காவில் பேராசிரியர்தான். வயதைக் காட்டி யாரையும் அனுப்பக் கூடாது என்று 1986-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பல்கலைக்கழகங்கள் மட்டும் நிரந்தரப் பேராசிரியர்களை 70 வயதில் அனுப்பலாம் என்று 1993 கடைசி வரை விலக்கு இருந்தது. 1994-இலிருந்து அதுவும் இல்லை.

பணமும் ஒரு காரணம்தான். சம்பளம் வருகிறவரை சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தைத் தொடாமல் விடலாம். அது முழுதாகக் கிடைக்கும் வயதுக்குப் பிறகு 70 வரை தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 8 சதவீதம் கூடும். அதைவிட மருத்துவக் காப்பீடு பெரிது. மெடிகேர் என்ற முதியோருக்கான அரசுக் காப்பீடு 65 வயதில்தான் கிடைக்கும். அப்பாவின் வேலை வழியாக வரும் காப்பீட்டில்தான் உங்கள் அம்மா இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். என் மனைவிக்காகவே நான் இரண்டு வருடம் தள்ளினேன்.

இப்போது அவளுக்கு மெடிகேர் வந்துவிட்டது. ஆனாலும் நான் போகவில்லை. காரணம் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி. 31 வருடமாகச் சேர்த்த பூஞ்சைகள், சுண்டுவிரல் அளவுக் குப்பிகளில். வயலில் அவசரத்துக்குத் தமிழில்தான் எழுதி ஒட்டினேன்: "மே.இ., ம.பி." என்றால் மேல் இலை, மழைக்குப் பின். இங்கே வேறு யாருக்கும் அது புரியாது. வெள்ளிக்கிழமைகளில் நானும் ஒரு மாணவியும் பத்துப் பத்தாக எடுத்து, உலர்பனிக்கட்டி மேல் வைத்து, உருகுவதற்குள் நான் படிக்கப் படிக்க அவள் கணினியில் ஏற்றுகிறாள். பாதி கூட முடியவில்லை. நான் போனால் என் இடத்துக்கு ஆள் எடுப்பார்களா என்று துறையில் கேட்டேன். யாரும் உறுதி சொல்லவில்லை.

அப்பாவிடம் "எப்போ வர்றீங்க" என்று கேட்காதீர்கள் அம்மா. மாணவர்களில் யார் யார் இன்னும் முடிக்கவில்லை என்று கேளுங்கள். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு வருடம் ஆகும். நடுவில் வழிகாட்டி போய்விட்டால் அந்தப் பிள்ளை வேறோர் ஆய்வுக்கூடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம்.

பதில்: பருவ_ஆசிரியர்

பெரியவர்கள் இடத்தை விட்டால் எங்களுக்குக் கிடைக்கும் என்று நானும் நம்பினேன். எங்கள் துறையில் ஒருவர் போன வருடம் ஓய்வு பெற்றார். அந்த இடத்தை நிரப்பவே இல்லை. அவருடைய இரண்டு பாடங்களைப் பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தத்தில் நான் நடத்துகிறேன், காப்பீடு இல்லாமல். ஆனாலும் சார், ஒரு தேதி சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் எங்களுக்கு உதவி. துறை திட்டமிடவாவது முடியும்.

வடவள்ளி_மகள்

சார், நேற்று நீங்கள் சொன்னபடியே கேட்டேன். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் இரண்டு பேர் பெயரைச் சொன்னார். ஒரு பையன் இந்த டிசம்பரில் முடிக்கிறானாம், அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒன்றரை வருடம் ஆகுமாம். காப்பீட்டை அம்மாவிடம் கேட்டேன், நீங்கள் சொன்னதுபோலவேதான். அம்மாவுக்கே அது இத்தனை நாள் தோன்றவில்லை.