ஓபன் ட்யூனிங்குக்கு எலெக்ட்ரிக் கிட்டார்: வாங்கும்போதும் வாசிக்கும்போதும் நடந்ததைச் சொல்லுங்கள்

கேகேநகர் டெலி

கடைப் பெயர் வேண்டாம். ஓபன் ஜி-க்கு, அதாவது வெறும் கம்பிகளை அடித்தாலே ஜி மேஜர் கார்டு கேட்கும் ட்யூனிங்குக்கு, ஒரு எலெக்ட்ரிக் வேண்டும், அடிக்கடி வழக்கமான ஸ்டாண்டர்ட் ட்யூனிங்குக்கும் மாற்றுவேன், ஸ்லைடு (கம்பி மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) வாசிப்பதில்லை என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். "எந்த கிட்டார்லயும் வரும் சார், ட்யூனிங்தானே" என்று கடைக்காரர் ஃப்ளாய்ட் ரோஸ், அதாவது ஸ்பிரிங்கில் மிதக்கும் பிரிட்ஜ், போட்ட ஒன்றை எடுத்து நீட்டினார்.

சரி, நீங்களே மாற்றிக் காட்டுங்கள் என்றேன். ஆலன் கீயைத் தேடி எடுத்து, நட்டில், அதாவது தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டையில், இருக்கும் பூட்டைத் தளர்த்தி, ஆறாவது கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கினார். ஐந்தாவதை ஜி-க்கு, முதல் கம்பியை டி-க்கு. அடித்துப் பார்த்தால் அவர் தொடவே தொடாத நடு மூன்று கம்பிகளும் ஸ்ருதி ஏறி நிற்கின்றன. பிரிட்ஜின் பின்பக்கம் உடம்புக்குள் சாய்ந்திருந்தது. நடுக் கம்பிகளை இறக்கினார், ஓரக் கம்பிகள் ஏறின. அவற்றை இறக்கினார், மறுபடி இவை ஏறின. பின்னால் ஸ்பிரிங், முன்னால் கம்பி, இரண்டும் வடம் பிடித்து இழுக்கும் சமாசாரம்; ஒன்றைத் தளர்த்தினால் எல்லாமே நகரும். அவருக்கு நெற்றி வியர்த்துவிட்டது.

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் அப்பாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் கிளம்பும்போது அதே கிட்டாரின் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் வாங்கினானா என்று இன்னும் மனதில் ஓடுகிறது.

நாஞ்சில் ரிதம்

எனக்குப் பிரிட்ஜில் தொல்லையே இல்லை. கம்பியின் அடிமுனையை உடம்போடு அசையாமல் பிடிக்கும் ஸ்டாப் டெயில்பீஸ் போட்ட லெஸ் பால் வகை கிட்டார்தான். தொல்லை கொடுத்தது நட்.

சர்ச் ஆராதனை. அடுத்த பாட்டு ஓபன் டி. போதகர் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் ஆம்ப்பை மியூட் செய்துவிட்டு இறக்குகிறேன். மூன்றாவது கம்பி ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு வர வேண்டும். குமிழைத் திருப்பினால் ஸ்ருதி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். "டிங்" என்று ஒரு சத்தம். முன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஜெபம் மட்டும் நிற்கவில்லை.

பெடல் ட்யூனர் பச்சை காட்டியது. பாட்டில் முதல் முறை அழுத்திப் பிடித்ததும் அதே கம்பி மளமளவென்று இறங்கிவிட்டது. அந்தத் தலை இருபக்கமும் மும்மூன்று குமிழ் வைத்தது. நடுவில் இருக்கும் டி, ஜி இரண்டும் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் வளைந்துதான் குமிழுக்குப் போகும், அங்கேதான் சிக்கிக்கொள்ளும். ஒரே வரிசையில் ஆறு குமிழ் இருக்கும் டெலி (டெலிகாஸ்டர்), ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) கிட்டார்களில் கம்பி நேராக ஓடுகிறது. அடுத்ததாக டெலிதான் வாங்கினேன். ஸ்கேலும் (நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே கம்பி அதிரும் தூரம்) நீளம், கம்பி தொளதொளக்காது.

பதினொன்று ஐம்பத்திரண்டு

நாஞ்சில், நட் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. ஸ்கேல் பற்றிச் சொன்னதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது, எல்லோரும் இதையே சொல்லிச் சொல்லி ஆட்களை டெலி பக்கம் தள்ளுகிறார்கள்.

டெலி 25.5 அங்குலம், லெஸ் பால் சுமார் 24.75. ஒரே கம்பி, ஒரே ஸ்வரம் என்றால் இழுவையில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் வித்தியாசம். ஒரு கம்பியை முழு டோன் இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கு இழுவை போய்விடுகிறது. 6 சதவீதத்தை வைத்துக்கொண்டு அதை எப்படி ஈடுகட்டுவது? முதல் கம்பியின் தடிமனை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) 10-க்குப் பதில் 11 போட்டால் 21 சதவீதம் கூடும், கணக்கு நேர். அடிக் கம்பியை 46-லிருந்து 52 ஆக்கினால் கால் பங்குக்கு மேல் கூடும். சில நூறு ரூபாய் கம்பி செட்டில் முடிகிற வேலைக்குப் புது கிட்டார் எதற்கு?

இன்னொன்று. ஓபன் ஜி, ஓபன் டி இரண்டும் இறக்குவது. ஓபன் இ ஏற்றுவது: ஐந்தாவது, நான்காவது கம்பிகள் முழு டோன், மூன்றாவது அரை டோன். அங்கே குட்டை ஸ்கேல்தான் கைக்கு இதம். ஸ்லைடு கலைஞர்கள் டுவேன் ஆல்மன் அன்று வாசித்ததும், இன்று டெரெக் ட்ரக்ஸ் வாசிப்பதும் ஓபன் இ-யில், லெஸ் பால் போலவே குட்டை ஸ்கேல் உள்ள எஸ்ஜி கிட்டாரில். ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸின் ஓபன் ஜி டெலியில் ஆறாவது கம்பியே கிடையாது, ஐந்தே கம்பிதான். ஆக எந்த ட்யூனிங் என்று முடிவு செய்யாமல் எந்த கிட்டார் என்று கேட்பதே தப்பு.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்:

தடித்த கம்பி போடும் அன்றே நட் பள்ளத்தை அளவுக்கு அறுக்கச் சொல்லுங்கள். 46-க்கு வெட்டிய பள்ளத்தில் 52 உட்காராமல் மேலேயே நிற்கும். அறுக்கிறவர் கையில் நட் ஃபைல் இருக்கிறதா, ஹேக்ஸா பிளேடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள். இறக்கும்போது தேவைக்கும் கீழே போய், கம்பியை விரலால் இழுத்துவிட்டு, மேலே ஏற்றி நிறுத்துங்கள். நாஞ்சிலுக்கு நடந்தது நடக்காது. ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் தண்டு), இன்டோனேஷன் (ஃப்ரெட் ஏற ஏற ஸ்ருதி பிசகாமல் இருப்பது) இரண்டையும் அதிகம் வாசிக்கும் ட்யூனிங்கில் வைத்தே பாருங்கள். ஓபன் இ வேண்டும், நெக்கை வருத்த மனமில்லை என்றால், ஓபன் டி வைத்து இரண்டாம் ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கேப்போ கிளிப். ஃப்ளாய்ட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் விற்க வேண்டாம், பின்பக்கக் குழியில் அளவாக வெட்டிய மரத்துண்டை வைத்து இறுக்கினால் பிரிட்ஜ் அசையாது. நட் பூட்டு இம்சை மட்டும் மிச்சம் இருக்கும்.

என் அனுபவமா? ஒரு ரெக்கார்டிங்கில் 10-46 செட்டோடு ஓபன் டி-யில் உட்கார்ந்தேன். அடி டி கம்பியைக் கொஞ்சம் அழுத்தி அடித்தாலே ஸ்ருதி ஏறி இறங்குகிறது. "பேஸ்ல ஏன் அலையுது?" என்று என்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். அவ்வளவுதான்.

வீணை வீட்டுக்காரன்

பிரிட்ஜ், நட், கம்பி எல்லாம் சரியாக இருந்தும் மாட்டியவன் நான். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போட்ட ஹார்ட்டெயில், அதாவது பிரிட்ஜ் அசையாத கிட்டார். ஓபன் ஜி, ட்யூனரில் ஆறும் பச்சை. ஓவர்டிரைவ் போட்டு டோனைக் கரகரப்பாக்கி வெறும் கம்பிகளை அடித்தேன். உள்ளேயிருந்து அக்கா வந்தாள், வீணை வாசிப்பவள். "காந்தாரம் தூக்கலா இருக்கு" என்றாள். ட்யூனரைக் காட்டினேன். பார்க்கவே இல்லை, காந்தாரம் வரும் பி கம்பியின் குமிழைக் கேட்டாள். நான் அடிக்க அடிக்க மெல்ல இறக்கினாள். ஓர் இடத்தில் அந்த அலையலையான அதிர்வு நின்று, கார்டு ஒரே குரலானது. ட்யூனரில் முள் இடப்பக்கம் கிடந்தது.

பிறகுதான் படித்தேன். ஃப்ரெட் வைத்த சமன் ஸ்ருதியில் அந்த மேஜர் தேர்டு, இயல்பான அந்தர காந்தாரத்தைவிட 14 சென்ட் (நூறு சென்ட் ஓர் அரை டோன்) கூடுதல். சுத்தமான டோனில் காது விட்டுவிடும், டிஸ்டார்ஷனில் பல்லைக் காட்டும். முழுக்க இறக்கினால் வேறு கார்டு பிடிக்கும்போது அதே கம்பி உதைக்கும், ஆகவே நான் பாதி இறக்கி நிறுத்துகிறேன். அக்காவுக்கு இதில் உடன்பாடு இல்லை.

கடையில் கேட்டுப் பார்ப்பவர்கள் க்ளீனில் மட்டும் கேட்காதீர்கள்.

பாட்டில்நெக் சிங்கை

தானாக ட்யூன் செய்யும் மோட்டார் குமிழ் வைத்த ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஒரு பொத்தான், ஆறு குமிழும் "விர்ர்" என்று சுற்றி ஓபன் டி-க்கு வந்து நிற்கும். மேடையில் பேட்டரி தீர்ந்த அன்று எப்படிச் சமாளித்தேன் என்பது பெரிய கதை, வேண்டாம்.

கேகேநகர், நீங்கள் ஸ்லைடுதான் பழகவேண்டும். ஆக்‌ஷனை (ஃப்ரெட்டிலிருந்து கம்பியின் உயரம்) உயர்த்தி, கண்ணாடிக் குழாய் ஒன்றை மோதிர விரலில்...

கேகேநகர் டெலி

ஸ்லைடு இல்லை என்று எழுதியிருக்கிறேனே ஐயா.

பதினொன்று, ஹார்ட்டெயில் ஒன்று எடுத்தாகிவிட்டது, 11-52 செட்டும் வந்துவிட்டது. சென்னையில் நட் ஃபைல் வைத்திருக்கும் ஆள் யாராவது தெரியுமா? பக்கத்துத் தெருக்காரர் ஹேக்ஸா பிளேடோடு தயாராக இருக்கிறார்.