மாவட்டக் காவல் புகார் ஆணையத்தின் தலைமையில் யார் இருக்க வேண்டும்?

சிலைமான் பக்கத்து வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரிலிருந்து திருப்புவனம் கூப்பிடு தூரந்தான். 2025 ஜூன் மாதக் கடைசியில் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையின்போது தாக்கப்பட்டு உயிரிழந்ததிலிருந்து, டீக்கடையிலும் நூறு நாள் வேலைத் தளத்திலும் இதே பேச்சாக இருக்கிறது. தவறு செய்தவர்களைக் கைது செய்தாயிற்று, அது போதும் என்கிறார்கள் சிலர். போலீஸ்மீது கொடுக்கும் புகாரைப் போலீஸே விசாரிக்கும் வரை எதுவும் மாறாது என்பது பெரும்பாலோர் கருத்து. என் கருத்தும் அதுவே. அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர விரும்புகிறேன். சட்டத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, நாங்கள் எதைக் கேட்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை வழக்கறிஞர்:
ஐயா, காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று அளித்த தீர்ப்பிலேயே இதற்கு வழி சொல்லப்பட்டிருக்கிறது. போலீஸ்மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டந்தோறும் காவல் புகார் ஆணையம் அமைய வேண்டும். மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை வகிக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டம் மாநில ஆணையத்தை உள்துறைச் செயலாளரிடமும் மாவட்ட ஆணையத்தை ஆட்சியரிடமும் கொடுத்து, பக்கத்தில் காவல் கண்காணிப்பாளரையே உறுப்பினராக அமர்த்திவிட்டது. எவருடைய கீழ் வேலை செய்பவர்மீது புகாரோ, அவரே விசாரிப்பவர்களில் ஒருவர். எனவே ஆணையம் வேண்டும் என்று மட்டும் எழுதினால், இருக்கிறதே என்று பதில் வந்துவிடும். யார் தலைமை என்பதைத்தான் தீர்மானம் பேச வேண்டும்.

மடப்புரம் வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டது, மாவட்ட நீதிபதி விசாரித்தார், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. இவையெல்லாம் உயிர் போன பிறகு திறந்த கதவுகள். அடி வாங்கி, இரவெல்லாம் உட்கார வைக்கப்பட்டு, எழுத்தில் எதுவும் இல்லாமல் வீடு திரும்புகிறவருக்கு உயர் நீதிமன்றம் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

செல்லூர் சகோதரி:
வழக்கறிஞர் ஐயா கடைசியாகச் சொன்னது என் தம்பிக்கு நடந்தது. ஆட்டோ ஓட்டுகிறவனை ஒரு திருட்டு வழக்கில் சந்தேகம் என்று இரவு அழைத்துப் போய், மறுநாள் மதியம் வேறு ஆள் கிடைத்ததும் அனுப்பிவிட்டார்கள். ஒரு துண்டுத் தாளும் தரவில்லை. இட்லி வைத்த டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அம்மா காவல் நிலைய வாசல் வேப்பமரத்தடியிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தார். உள்ளே கொண்டுபோக விடவில்லை. மேலதிகாரியிடம் மனு கொடுத்தேன். பத்து நாள் கழித்து விசாரணைக்கு வரச் சொல்லி போன் வந்தது. பேசியவர் தம்பியை அழைத்துப் போன அதே எஸ்.ஐ. நிலையத்தின் கேமராப் பதிவைக் கேட்டதற்குப் பழுது என்றார்கள். பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஓய்வுபெற்ற ஏட்டு:
சகோதரி சொல்வது உண்மை. மேலே வாங்கும் மனு, விசாரித்து அறிக்கை அனுப்புக என்ற குறிப்போடு அதே நிலையத்துக்குத் திரும்பி வருவதை என் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். களவுபோன நகையை இன்றைக்குள் மீட்க வேண்டும் என்று மேலிருந்து போனில் நெருக்குகிறவர் எந்தத் தாளிலும் இருப்பதில்லை. கடைசியில் சிக்குவது காவலர்கள்தான். அந்த வாய்மொழி உத்தரவையும் விசாரிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு வேண்டும். புலனாய்வைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிக்க வேண்டும் என்றும் 2006 தீர்ப்பு சொல்கிறது. சித்திரைத் திருவிழா பந்தோபஸ்தில் இரவு பகலாக நின்றுவிட்டு வந்து வழக்கு விசாரிக்கிறவனிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அடிப்பதற்கு இதை நியாயமாகச் சொல்லவில்லை.

சிலைமான் பக்கத்து வாசி:
மூவருக்கும் நன்றி. மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை வகிக்க வேண்டும், பணியிலுள்ள காவல் அதிகாரி உறுப்பினராக இருக்கக் கூடாது, மனு எந்த நிலையத்தின்மீதோ அந்த நிலையத்துக்குத் திரும்பக் கூடாது, வாய்மொழி உத்தரவு இட்டவரும் விசாரணைக்கு உட்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது என்பது தெரியும். ஆனாலும் பதிவேட்டில் ஏறி ஆட்சியர் அலுவலகம் வரை போகும். செல்லூர் சகோதரி அனுமதித்தால், உங்கள் அம்மா விடியும்வரை காத்திருந்ததை ஊர் பெயர் சொல்லாமல் சபையில் வாசிக்க விரும்புகிறேன்.

செல்லூர் சகோதரி:
வாசியுங்கள் அண்ணா. ஊர் பெயரையும் சொல்லலாம் என்கிறார் அம்மா.