பழைய பெர்ஃபார்மன்ஸ் கார்களும் அவற்றை விற்றவர்களும்: அனுபவப் பகிர்வு

கோயம்புத்தூரிலிருந்து

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 2017-இல் இந்தியாவுக்கு வந்தபோது அதன் ஷோரூம் விலை ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய். 230 குதிரைத்திறன் தரும் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), குடும்பமே உட்காரும் இடம், பெரிய டிக்கி ஆகியவை ஒரே வண்டியில் கிடைத்ததால் அது சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது. அன்று வாங்க முடியாத என்னைப் போன்றவர்கள்தாம் இன்று அதைச் செகண்ட் ஹேண்டில் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்தத் தேடலில் கார்களைவிட விற்பவர்களைப் படிப்பதே பெரிய வேலையாக இருந்தது என்பதால், அவர்களில் இருவரைப் பற்றி எழுதுகிறேன்.

முதலாமவர் சென்னைப் புறநகரில் பழைய கார்களை வாங்கி விற்பவர். வண்டி பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. மீட்டர் 38 ஆயிரம் கிலோமீட்டர் காட்டியது. நான்கு டயரும் புதியவை, அதுவும் மலிவான வகை. முன் சக்கரத்தின் பிரேக் டிஸ்க் விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தேன். தேய்மானத்தால் உண்டான உதடு போன்ற மேடு ஒன்று தடுத்தது, 38 ஆயிரம் கிலோமீட்டருக்கு அது சற்று அதிகம். வேகமாக ஓட்டியிருந்தால் டிஸ்க் தேயும், அது குற்றமில்லை. அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஆகவே, வண்டியின் கணினியில் பதிவாகும் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் என் சிறிய ஸ்கேனரை, ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள சாக்கெட்டில் செருகினேன்.

பிழைக் குறியீடு ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்துத் திருப்தி அடைந்து எழுந்துவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் அதே ஸ்கேனரில் இன்னும் இரண்டு விவரங்கள் கிடைக்கும்: குறியீடுகள் அழிக்கப்பட்ட பிறகு ஓடிய தூரம் எவ்வளவு, அதன் பிறகு எஞ்சின் எத்தனை முறை சூடாகியது என்பவை. இந்த வண்டியில் தூரம் 11 கிலோமீட்டர், சூடானது ஒரே ஒரு முறை. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார் ஆகியவற்றை வண்டி தானே சோதித்துக்கொள்ளும் பரிசோதனைகளும் 'முடியவில்லை' என்றே காட்டின. அன்று காலையில் யாரோ எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பது இதன் பொருள்.

கேட்டதும் பதில் தயாராக இருந்தது. "பேட்டரி மாத்தினோம் சார், அதான் எல்லாம் அழிஞ்சிருக்கும்" என்றார். பானெட்டைத் திறந்து பார்த்தால், பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த தேதி சில ஆண்டுகளுக்கு முந்தையது. முனைகளில் வெள்ளைப் பூப்பும் படிந்திருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது அவர் கோபப்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "விலைய வேணா இன்னும் கொஞ்சம் பாத்துப் பண்ணலாம் சார்" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பினார். எந்தக் குறியீட்டை அழித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் செலவை நான் ஏற்க வேண்டியதில்லை என்பதால் கிளம்பிவிட்டேன்.

டர்போ எஞ்சின் கொண்ட எந்தப் பழைய காரிலும் முதலில் எழ வேண்டிய சந்தேகம், எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவில் மேப்பை, அதாவது அதன் மென்பொருள் அமைப்பை, மாற்றியிருக்கிறார்களா என்பதே. ஸ்டேஜ் ஒன் என்று சொல்லப்படும் ரீமேப்பில் எந்த உதிரிபாகத்தையும் தொடாமல் மென்பொருளை மட்டும் மாற்றி, டர்போவின் காற்றழுத்தத்தையும் எரிபொருளின் அளவையும் கூட்டுகிறார்கள். சக்தி கணிசமாக ஏறும். விற்கும்போது பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிட்டு 'கம்பெனி கண்டிஷன்' என்று சொல்வது எளிது. ஆனால் ஈசியூ எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஸ்கோடாவும் அடங்கிய ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தின் கருவி மேப் மாற்றத்தைக் கண்டுபிடித்தால் அந்த வண்டியின் பதிவில் 'டிடி1' என்ற குறி விழும். அதன் பிறகு எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வாரண்டி கேட்பது கடினம்.

மேப் மாற்றிய வண்டியை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டாமவரிடம் நான் வாங்கியதே அப்படிப்பட்ட வண்டிதான்.

அவர் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். போனவுடன் சாவியைத் தராமல் மோர் தந்தார். நான் இப்போது என்ன ஓட்டுகிறேன், டிஎஸ்ஜி பெட்டியைப் பற்றி என்ன தெரியும், வண்டியை எங்கே நிறுத்தப்போகிறேன் என்று வரிசையாகக் கேட்டார். பெண் கொடுக்கும் வீட்டார் கேட்பதற்குச் சற்றும் குறையவில்லை. பிறகுதான் சாவி வந்தது, ஒரு நிபந்தனையோடு: "எடுத்து ஓட்டிப் பாருங்க தம்பி. ஆயில் சூடாகற வரைக்கும் ஆர்பிஎம் மூவாயிரத்தத் தாண்டாதீங்க, அவ்வளவுதானுங்க."

ஓட்டிவிட்டு வந்த பிறகு அவர் ஒரு தடித்த கோப்பை மேசையில் வைத்தார். இந்தக் காரில் உள்ளது, கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி இயங்கும் ஈரக் கிளட்ச் வகை டிஎஸ்ஜி. அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். அவர் அதற்கும் முன்பாகவே மாற்றிய ரசீது அதில் இருந்தது. எஞ்சின் ஆயிலைக் கம்பெனி சொன்ன இடைவெளியில் பாதியிலேயே மாற்றியிருக்கிறார். ஸ்பார்க் பிளக் மாற்றிய ரசீதுகளும் நெருக்கமாக இருந்தன. நான் கேட்பதற்கு முன்பே ஸ்டேஜ் ஒன் போட்டதைச் சொல்லி, எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ கருவியில் எடுத்த தாளை நீட்டினார். வண்டியிலிருந்து எடுத்த பழைய மென்பொருள் ஒரு பென் டிரைவில் சாவிக்கொத்தோடு தொங்கியது. "இதையெல்லாம் யாரும் வெளியில சொல்ல மாட்டாங்களே" என்றேன். "ஒளிச்சு விக்கறதுக்கு இதென்ன கள்ளச் சாராயங்களா?" என்று சிரித்தார்.

சென்னையில் பார்த்த வண்டியைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல் ஓடியிருந்தது. கேட்ட விலையும் அதிகம். தயங்காமல் இதையே எடுத்தேன்.

பெயர் மாற்றுவதற்கு முன்பே மேப்பைக் கம்பெனி நிலைக்குத் திருப்பிவிட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகவே சொன்னது. மென்பொருள் மாற்றம் ஆர்சியில் தெரியாது என்றாலும், பெரிய விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயரிடம் அதைப் பற்றி வாதாட எனக்கு விருப்பமில்லை. 230 குதிரைத்திறனே நம் சாலைக்கு அதிகம். அதை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயப் பாதை இருக்கிறது, 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் சில சுற்றுகள் போனால் பிரேக் திரவத்தின் வயது தானாகவே தெரிந்துவிடும்.

காகித வேலையைப் பற்றிச் சுருக்கமாக: தமிழ்நாட்டுப் பதிவு வண்டி என்பதால் பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்களும், வங்கிக் கடன் நீக்கத்துக்கு 35-ஆம் படிவமும் போதுமாக இருந்தன. வெளிமாநில வண்டி என்றால் அங்கிருந்து என்ஓசி (தடையின்மைச் சான்று) வாங்க வேண்டும், இங்கே மறுபடியும் ஆயுள் வரி கட்ட வேண்டும், அங்கே கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும்; விலைக் குறைவில் கிடைத்த லாபம் அதிலேயே போய்விடும். இன்ஷூரன்ஸில் பழைய உரிமையாளரின் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி) நமக்கு வராது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலிசியை 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து

ஈரோட்டுக்காரர் போன்ற ஒருவரிடம் வாங்கும் பாக்கியம் எனக்கும் கிடைத்தது சார், ஆனால் என்னுடைய கதையில் ரசீதுக் கோப்பைவிட ஓர் அட்டைப்பெட்டியே முக்கியமானது.

நான் வைத்திருப்பது ஃபியட்டின் அபார்த் புன்டோ, தேள் முத்திரை கொண்ட கார். 2015 அக்டோபரில் 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த விலையில் 145 குதிரைத்திறனோடு வந்த இந்தக் காரைப்போல, அந்த விலையில் அந்தச் சக்தி அப்போது வேறெதிலும் கிடைக்கவில்லை. பின்னர் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. ஆகவே இதைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் எஞ்சினைப் பரிசோதிப்பதோடு, பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு சென்சார் எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்தே பரிசோதிக்க வேண்டும்.

எனக்கு விற்றவர் அண்ணா நகரில் ஒரு மென்பொருள் பொறியாளர். கார் விலை பேசி முடித்த பிறகு, மாடியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிவந்தார். டைமிங் பெல்ட் செட், வாட்டர் பம்ப், ஃபில்டர்கள், சென்சார்கள், முன் பம்பரின் ஒரு சிறிய கிரில், பக்கவாட்டுத் தேள் ஸ்டிக்கர் ஒரு ஜோடி என ஒவ்வொன்றும் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே பென்சிலில் பாக எண் எழுதப்பட்டிருந்தது. பெட்டிக்குத் தனி விலை சொன்னார். முதலில் எனக்குச் சற்று உறுத்தியது. விலை பேசி முடித்த பிறகு இதென்ன புதிதாக என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தப் பெட்டி இல்லாமல் காரை அதே விலைக்கு வாங்கியிருந்தால்தான் நான் ஏமாந்திருப்பேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இதன் 1.4 லிட்டர் டி-ஜெட் எஞ்சின், குறைந்த சக்தி வடிவத்தில் ஃபியட்டின் லீனியா டி-ஜெட் காரிலும் இருந்தது. ஆகையால் எஞ்சினின் பல பாகங்களுக்கு லீனியாவைத் தேடினால் போதும். பாடி பாகங்கள்தாம் உண்மையான தலைவலி. பின்பக்க விளக்கு ஒன்று உடைந்தால் பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்த வண்டியை ஓட்டுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சிவப்புக் கோடும் தேள் முத்திரையும் பார்த்தவுடன், பின்னால் வரும் யாரோ ஒருவர் விளக்கை மின்னி மின்னிக் காட்டிப் பந்தயத்துக்கு அழைப்பார். நான் இடது பக்கம் ஒதுங்கி வழி விட்டுவிடுவேன். ஒருமுறை அப்படிப் போனவரை அடுத்த சில கிலோமீட்டரில் போக்குவரத்துக் காவலர் ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார். கடந்து போகும்போது நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க மிகவும் முயன்றோம்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து

மேலே எழுதிய இருவரும் என்னைவிட மூத்தவர்கள் என்று நினைக்கிறேன், ஆகவே மரியாதையுடனேயே மாறுபடுகிறேன் அண்ணா. மாதச் சம்பளத்தில் வாழ்கிறவனுக்கு, பழைய பெரிய காரைவிடப் புதிய சிறிய கார் நல்லது என்பது என் கருத்து.

நான் வாங்கியது ஹூண்டாய் ஐ20 என் லைன். எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் செய்யப்படும் வண்டி. 2021-இல் வந்தபோது அதன் ஆரம்ப விலை 9.84 லட்சம், 1 லிட்டர் டர்போ எஞ்சின், 120 குதிரைத்திறன். இதைப் பெர்ஃபார்மன்ஸ் கார் என்று சொல்வதற்கு ஆக்டேவியா வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள் என்பது தெரியும். ஆனால் 2023-இல் முறையான ஆறு கியர் மேனுவல் வந்த பிறகு, இறுக்கமான சஸ்பென்ஷனும் சற்று உரத்த எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து தினமும் வேலைக்குப் போகும் பாதையையே ரசிக்க வைக்கின்றன. வாரண்டி என் கையில் இருக்கிறது. முதல் உரிமையாளரும் நானே.

ஷோரூமில்தான் ஒரு வேடிக்கை. விற்பனையாளர் என்னைச் சாதாரண ஐ20-க்குத் திருப்புவதிலேயே குறியாக இருந்தார். "சார், மைலேஜ் கம்மி, சஸ்பென்ஷன் ஹார்டு, வீட்ல அம்மா திட்டுவாங்க" என்றார். டெஸ்ட் டிரைவ் வண்டியும் அங்கே இல்லை. வேறு ஊரில் ஒரு கிளையில் இருந்ததை நானே போய் ஓட்டிவிட்டு வந்து முன்பணம் கட்டினேன். அம்மா திட்டியது உண்மைதான். அந்த அளவில் அவர் பொய் சொல்லவில்லை.

புதியதில் பெரியதை நினைத்துப் பார்ப்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 2025-இல் முழுமையாக இறக்குமதியாகி வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ-யின் விலை 53 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பர் முதல் சாலை வரி 20 சதவீதம் என்பதால், வரி மட்டும் 10 லட்சத்தைத் தாண்டுகிறது. அதாவது, அந்த வரியில் என் கார் ஒன்று வந்துவிடும்.

கோவை அண்ணாவிடம் ஒரு கேள்வி: புதிய கார் வைத்திருக்கும் எனக்கு ஸ்கேனர் தேவைப்படுமா?

கோயம்புத்தூரிலிருந்து

தம்பி, தேவைப்படும். சர்வீஸுக்கு விடுவதற்கு முன்பு ஒருமுறையும் எடுத்த பிறகு ஒருமுறையும் செருகி, குறியீடுகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் மாற்றிய ரசீதுகளையும் அதே கோப்பில் போடுங்கள். சில வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது, உங்கள் வண்டியில் ஸ்கேனரைச் செருகப்போகிறவர் என்னைப் போன்ற ஒருவராக இருக்கலாம். அந்தக் கோப்பைக் காட்டினால் நான் அதிகம் பேரம் பேச மாட்டேன்.