1972 ஃபயர்பால் பின்பால் மெஷின், நடுவுல சுத்துற தட்டு எப்படி வேலை செய்யுது?

கேள்வி: பாலி கம்பெனியோட ஃபயர்பால் பின்பால் (சரிவான மேசையில இரும்புப் பந்த அடிச்சு ஸ்கோர் ஏத்துற கேம்) வீடியோ பாத்தேன், நடுவுல தட்டு சுத்திக்கிட்டே இருக்கு, பந்து அதுல ஏறுனா எந்தப் பக்கம் தெறிக்கும்னே தெரியல, உள்ள கம்ப்யூட்டர் இருக்கா?

பதில்: சிப் ஒண்ணுகூட கிடையாது ப்ரோ. தட்டுக்கு அடியில மோட்டார், மத்ததெல்லாம் ரிலே (கரண்ட்ல இயங்குற சுவிட்ச்), காயில் (கரண்ட் வந்தா காந்தமாகுற கம்பிச் சுருள்)தான். பந்து பம்பர்ல (மேசையில நிக்கிற முட்டு) இடிச்சதும் சுவிட்ச் ஒட்டும், ரிலே இழுக்கும், காயில் ஸ்கோர் சக்கரத்த ஒரு பல் தள்ளும், டொக்குனு சத்தம், கூடவே மணி. அந்த சத்தத்துக்கே உயிர குடுக்கலாம்!

பதில்: ஜிப்பர் ஃபிளிப்பர விட்டுட்டீங்களே! ஃபிளிப்பர்னா பந்த அடிக்கிற துடுப்பு. கீழ உள்ள ரெண்டு ஃபிளிப்பரும் நகந்து வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், நடுவுல பந்து விழவே வழியில்ல. டிசைன் பண்ணவர் டெட் ஸேல், அருமையான மூளை.

கேள்வி கேட்டவர்: அப்ப ஸ்கோர் ஏறலன்னா?

பதில்: முதல்ல சுவிட்ச் காண்டாக்ட்ட (ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற உலோக முனை) பாருங்க, கருத்துப் போயிருக்கும்.