மறு: ‘எண்ணீடு’ வேண்டாமே, ‘விரிப்பெயர்’ எப்படி?

அக்கா,

நிரலில் பெயரிட்ட மதிப்புகளின் பட்டியலான ‘எனம்’ (enum) என்பதற்கு நம் கையேட்டில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்று நீங்கள் எழுதியது:

> ஒவ்வொரு மதிப்புக்கும் உள்ளே ஓர் எண் உண்டு. ஆகவே ‘எண்ணீடு’ என்பதே பொருந்தும்.

எண் உண்டுதான். ஆனால் அதை நம்பி யார் எழுதுகிறார்கள்? தொகுப்பியை (கம்பைலர்) எழுதுகிறவர் பட்டியலின் நடுவில் ஒரு புதுப்பெயரைச் செருகினால் போதும், அதற்குப் பின்வரும் எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். பெயர் மட்டுமே நிற்கும்.

சி++ தொகுப்பியான கிளாங்கின் நிரல் பொருத்திகளையே, அதாவது நிரலில் குறிப்பிட்ட அமைப்புகளைத் தேடிப் பிடிப்பவற்றையே, பாருங்கள். சி++ நிரலுக்குள் வகைமாற்றத்தின் (ஒரு வகை மதிப்பை இன்னொரு வகையாக்குவது) பெயரை அப்படியே எழுதலாம். ஓர் எழுத்து பிசகினாலும் தொகுக்கும்போதே பிடிபடும். பொருத்திகளை நேரடியாக இயக்கிப் பார்க்கும் கருவியான கிளாங்-குவெரியில் கட்டளையாகத் தட்டும்போது அது நடக்காது. அந்தக் குட்டி மொழிக்குத் தெரிந்தவை சரம் (எழுத்துகளின் வரிசை), எண், ஆம்-இல்லை, உள்ளே இன்னொரு பொருத்தி போன்ற சிலவே. அதனால் ‘சிகே_நல்டுபாயிண்டர்’ (CK_NullToPointer) என்று வகைமாற்றத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுச் சரமாகக் கொடுக்கிறோம். மாமாக் கடையில் ‘தே ஓ கோசோங்’ (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) என்று சீட்டெழுதி உள்ளே அனுப்புவது போலத்தான். சரம் உள்ளே போய்ப் பெயர்ப்பட்டியலோடு ஒப்பிடப்பட்டு மதிப்பாக மாறுகிறது. பிழையாக எழுதினால், நெருங்கிய பெயரைக் காட்டி இதுவா என்று கேட்கிறது. இதில் எண் எங்கே கண்ணில் படுகிறது?

நம்மிடம் இதற்கு மரபே இருக்கிறது. முக்கனி என்றால் மா, பலா, வாழை. பாலிக் புலாவ் டுரியானுக்காகப் பினாங்குக்காரன் நான் எவ்வளவு வாதாடினாலும் நான்காவது கனிக்கு இடமில்லை. சூடாமணி நிகண்டில் 12ஆம் தொகுதி முழுவதும் இப்படிப்பட்ட கூட்டங்கள்தாம்: பல்பெயர்க் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி. ஆகவே முக்கனி போல் முழுப்பட்டியலின் பெயர் ‘தொகைப்பெயர்’, மாவும் பலாவும் வாழையும் போல் அதன் உறுப்புகள் ‘விரிப்பெயர்’. என்ன சொல்கிறீர்கள்?

---

தம்பி,

விரிப்பெயருக்குச் சம்மதம். பாய் விரிப்பு நினைவுக்கு வருகிறது, இருந்தாலும் பழகிவிடும். தொகைப்பெயர்தான் உறுத்துகிறது. இங்கே கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸில் ‘தொகை’ என்றால் எல்லாரும் ரிங்கிட்டைத்தான் நினைப்பார்கள். இலக்கணத்திலும் தொகை என்றால் வேற்றுமைத்தொகை, வினைத்தொகை என்று வேறு கூட்டம் வந்து நிற்கும். ‘பெயர்த்தொகுதி’ என்று வைப்போமே, நிகண்டின் சொல்லும் அதுதானே.

இன்னொன்று. ‘விரிப்பெயரைச் சரமாக வெளிப்படுத்தல்’ என்று வரைவில் எழுதியிருக்கிறீர்கள். யாருடைய ஊழலையோ வெளிப்படுத்துவது போல் இருக்கிறது. ‘சரமாகவும் ஏற்றல்’ போதும்; பொருத்தி செய்வதும் அதைத்தான்.

கையேட்டில் அந்தப் பத்தியை மட்டும் மாற்றிவிட்டேன். ‘பொருத்தி’யை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அதற்குத் தனி மடல் வரும்.