சுவர்ப் பூஞ்சையா, நான் ஊற்றிய ஆசிட்டா? கை தடிப்பு அடங்கவில்லை

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி. செல்லூரில் கீழ்த்தள வாடகை வீடு. ஐப்பசி மழையில் பீரோவுக்குப் பின்சுவர் ஓதம் ஏறி, மிளகுத்தூள் தூவியது போல் கரும்பூஞ்சை. கல்யாணப் பட்டிலும் அந்த வாடை!

பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தேன். போகவில்லை என்று பாத்ரூம் ஆசிட்டையும் அதிலேயே ஊற்றினேன். மடத்தனம்தான், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இருமல் இரண்டு நாளில் போனது. முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் வந்த தடிப்பு போகவில்லை. திருமங்கலத்தில் அக்கா வீட்டில் நான்கு நாள் இருந்தேன், அடங்கியது. திரும்பி வந்த மறுநாளே அரிப்பு.

வீட்டுக்காரர், "பெயின்ட் அடிச்சா சரியாயிரும்மா" என்கிறார். ஓதம் நிற்காமல் பெயின்ட் நிற்குமா?

பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போகப் போகிறேன். ரசாயன ஒவ்வாமைக்கு முதுகில் ஒட்டும் பேட்ச் டெஸ்ட், பூஞ்சைக்குக் கையில் குத்திப் பார்க்கும் பிரிக் டெஸ்ட் என்கிறார்கள். மதுரையில் எடுத்தவர்கள் யாராவது உண்டா? எங்கே, எவ்வளவு ஆனது? அரிப்பு மாத்திரையை எத்தனை நாள் முன்னால் நிறுத்தச் சொன்னார்கள்? ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தெரிந்த கொத்தனார் இருந்தாலும் சொல்லுங்கள்.

சுவர்ப் படம் கீழே. கைப் படம் வேண்டாம், பார்க்கச் சகிக்காது.